நிலாவெளியில் திறந்தவெளிக் கலியாணம்: இடத்துக்கு முதல் திசையைப் பாருங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். சொந்த இடம் திருகோணமலை உவர்மலை, வேலை கொழும்பில், மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்பு. அடுத்த வருடம் ஆவணியில் கலியாணம். காலை 8.10 இலிருந்து 9.20 வரை முகூர்த்தம் என்று ஐயர் எழுதித் தந்திருக்கிறார். 250 பேர் வருவார்கள். மண்டபம் வேண்டாம், நிலாவெளிக் கடற்கரையில் மணவறை, பின்னேரம் அங்கேயே வரவேற்பு என்று நீங்கள் இருவரும் ஆசைப்படுகிறீர்கள். அம்மா மட்டும் "வெயிலும் காற்றும் மழையும் ஆருடைய கையில இருக்கு?" என்று பயப்படுகிறார். இது சரிவருமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். 16 வருடமாகத் திருகோணமலையில் கலியாண ஒழுங்கு வேலை செய்கிறேன். மண்டபத்தில் செய்ததைப்போலவே வெளியிலும் நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மா சொன்ன மூன்றையும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். வெயில், காற்று, மழை: வேலையே இந்த மூன்றும்தான். கதிரை, மேசை, பூ, சாப்பாடு, பாட்டு எல்லாவற்றையும் காசு கொடுத்து எடுக்கலாம். இந்த மூன்றையும் முன்கூட்டியே யோசித்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் இடத்தைத் தெரிவு செய்வதற்கு முதல் திசையையும் நேரத்தையும் தீர்மானியுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு படத்தைப் பார்த்து இடத்தைப் பிடித்து, முற்பணமும் கட்டிவிட்டுத்தான் திசையைக் கேட்கிறார்கள்.

முதலில் திசை. மணமக்கள் கிழக்கு பார்த்து இருப்பதுதான் எங்கள் வழக்கம். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் இருப்பது கிழக்கே. அப்படியென்றால் மணவறையில் இருக்கும் உங்களுக்குக் கடல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்காது. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் மணமக்களுக்குப் பின்னால் கடல் தெரியும், இல்லையா? அந்தப் படம் இங்கே வேண்டுமென்றால் மேற்கு பார்த்து இருக்கவேண்டும். அதற்கு ஐயரும் உடன்படமாட்டார், உங்கள் பெரியவர்களுக்கும் மனம் வராது. வடக்கு பார்த்து இருக்கலாம் என்று சில ஐயர்மார் சொல்வார்கள். உங்கள் ஐயரிடம் கேட்டுப்பாருங்கள். ஆனால் என்னைக் கேட்டால், கிழக்கு பார்த்தே இருங்கள். தாலி ஏறும் நேரம் உங்கள் கண்ணுக்கு முன்னால் கடல் விரிந்து கிடக்கும். அதைப் படத்தில் பார்ப்பதை விட நேரில் பார்ப்பது பெரிது. கடல் பின்னால் வரும் படத்தைச் சடங்கு முடிந்து கரைக்கு நடந்து போய் எடுக்கலாம், அதற்கு 20 நிமிடம் போதும்.

இதில் இன்னொரு விடயம் இருக்கிறது. மண்டபத்தில் போடுவதுபோல மணவறைக்கு நேர் முன்னால் கதிரைகளை அடுக்கினால், வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள், காலை வெயில் அவர்களுடைய பிடரியில் சுடும். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் 250 தலைகள். நான் வழமையாகச் செய்வது, வடக்குப் பக்கம் ஒரு கூட்டம், தெற்குப் பக்கம் ஒரு கூட்டமாகக் கதிரைகளைப் போட்டு, நடுவில் 15 அடி அகலத்துக்கு வெறுமையாக விடுவது. மணவறையிலிருந்து கடல் வரை ஒரு பாதை போலத் திறந்து கிடக்கும். வந்தவர்கள் ஒரு பக்கம் திரும்பினால் மணமக்கள், மற்றப் பக்கம் திரும்பினால் கடல். பொம்பிளை வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்பதற்கும் இது பொருந்திவரும்.

இனி வெயில். பந்தல் போட்டால் நிழல் வரும் என்று நினைப்பது மதிய வெயிலுக்குச் சரி. காலை வெயில் தலைக்கு மேலால் வராது, கடலிலிருந்து சரிந்து வந்து பந்தலுக்குள் நுழையும். ஓகஸ்ட் கடைசியில் இங்கே சூரியன் காலை 6 மணியளவில் எழும்பும். கூரையின் முன் விளிம்பு 10 அடி உயரத்தில் இருந்தால், 8 மணி வெயில் விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட 18 அடி உள்ளே வரும். 9 மணிக்கு அது 10 அடியாகக் குறையும். உங்கள் முகூர்த்தம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள் வருகிறது. அதாவது மணவறைக்கு மேலே மட்டும் கூரை இருந்தால், முகூர்த்தம் முழுக்க வெயில் உங்கள் இரண்டு பேருடைய முகத்திலும் இருக்கும். கூறைச் சேலை, நகை, ஓமப் புகை, அதோடு நேர் வெயில். கண்ணைத் திறந்து வைத்திருக்கக்கூட ஏலாது. பந்தல்காரரிடம் "மணவறைக்கு முன்னால் 18 அடிக்குக் கூரை நீளட்டும்" என்று சொல்லுங்கள். அல்லது கடல் பக்க விளிம்பில் மூன்றடி அகலத்துக்கு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். துணி என்றால் விளிம்பு 7 அடிக்கு இறங்கிவிடும், வெயில் 12 அடியோடு நின்றுவிடும், இருந்தபடி பார்ப்பவர்களுக்குக் கடலும் மறையாது. ஐயரிடம் முகூர்த்தத்தின் முன்பகுதியிலேயே தாலி கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். 8.20 க்குத் தாலி ஏறினால், 9.30 க்கு எல்லோரும் நிழலுக்குள் போய்விடலாம். 10 மணிக்குப் பிறகு ஆவணி மணலில் வெறுங்காலோடு நடக்க ஏலாது. நடக்கும் பாதையில் ஈரச் சாக்கு விரியுங்கள்.

காற்றைப் பற்றித்தான் கூட எழுதப்போகிறேன், ஏனென்றால் எனக்குப் பாடம் படிப்பித்தது அதுதான்.

வைகாசியிலிருந்து ஆவணி கடைசி வரை எங்கள் பக்கம் அடிப்பது கச்சான் காற்று. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, தரையைக் கடந்து காய்ந்து சூடாகி வரும். கடலை நோக்கி அடிப்பதால்தான் அந்த மாதங்களில் நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. கடல் அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு "காற்றே இல்லை" என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். அதிகாலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறப் பலக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நிலாவெளியில் ஒரு ஆவணிக் கலியாணம். மணவறைக்குப் பின்னால் 20 அடி அகலத்தில் சந்தன நிறத் துணியை இழுத்துக் கட்டி, அதில் பூச்சரம் தொங்கவிட்டிருந்தோம். கிழக்கு பார்த்த மணவறை என்றால் அதன் முதுகு மேற்கே இருக்கும், கச்சான் வந்து அறைவது நேராக அந்த முதுகில். எனக்கு அன்றைக்கு அது புத்தியில் படவில்லை. 9 மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சு வந்தது. துணி பாய்மரம் மாதிரிப் புடைத்தது. இடப்பக்கக் கம்பு மணலிலிருந்து மெதுவாகக் கிளம்பியதை நான் பார்த்தேன். ஓடிப்போவதற்கிடையில் தவில்காரர் தவிலை இறக்கி வைத்துவிட்டு எழும்பி இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துவிட்டார். தாலி கட்டி 10 நிமிடம்தான் ஆகியிருந்தது. நாதஸ்வரம் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை. ஆனால் பொம்பிளையின் அம்மம்மா அந்தக் கம்புக்குப் பக்கத்தில், மூன்றடி தூரத்தில் இருந்தார். அந்த மூன்றடியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்றையிலிருந்து மணவறைக்குப் பின்னால் முழுத் துணி கட்டுவதில்லை. கிடுகுத் தட்டியும் ஓலைப் பின்னலும் காற்றை ஊடே விடும். துணிதான் வேண்டுமென்றால் ஒரு முழ அகலப் பட்டைகளாகக் கிழித்து, கீழே கட்டாமல் தொங்கவிட வேண்டும். அவை காற்றில் ஆடும்போது பார்க்கவும் வடிவாக இருக்கும். இன்னும் நல்லது, மேற்கே ஒரு சவுக்குத் தோப்போ, கட்டடமோ இருக்கும் காணியைத் தெரிவு செய்வது. அதன் மறைவில் மணவறை வந்தால் பாதிக் காற்று அங்கேயே உடைந்துவிடும். இடம் பார்க்கப் போகும்போது எல்லோரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் ஒருதரம் திரும்பி மேற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மணலில் கம்பு நாட்டுவது நிலத்தில் நாட்டுவது போல அல்ல. எவ்வளவு அடித்து இறக்கினாலும் ஆட்ட ஆட்ட இளகிவிடும். ஒவ்வொரு மூலைக் கயிற்றுக்கும் இரண்டரை, மூன்றடிக் குழி வெட்டி, மண் நிரப்பிய உர மூட்டையைக் கயிறு சுற்றிப் படுக்கவைத்துப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மிதிக்க வேண்டும். கயிறு 45 பாகை சரிவில் போகவேண்டும். பந்தல்காரர் "இரும்பு ஆணி போதும் மிஸ்" என்பார். விடாதீர்கள். மூட்டை புதைப்பதை நீங்களோ, உங்கள் மாமாவோ, அண்ணாவோ நின்று பாருங்கள்.

ஓமம்: மூன்று பக்கமும் இரண்டு வரிசைச் செங்கல்லை உயர்த்தி, ஐயரின் பக்கத்தைத் திறந்து விடுங்கள். கச்சான் பின்னாலிருந்து வருவதால் புகையும் பொறியும் கடல் பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் நைலோன் துணியோ பிளாஸ்ரிக் பூவோ இருக்கக்கூடாது. ஒரு வாளி மண்ணும் ஒரு வாளி தண்ணீரும் மணவறைக்கு அருகில் இருக்கட்டும். குத்துவிளக்கு காற்றில் நில்லாது. அது அணைந்தால் பெரியவர்களின் மனம் சுருங்கிவிடும், அன்றைக்கு அந்தச் சுருக்கம் தேவையில்லை. திரிக்கு மேல் கண்ணாடிச் சிமினி வைக்கிற விளக்கு எடுங்கள், அல்லது உயர்ந்த விளிம்புள்ள மண்சட்டிக்குள் அகல் வையுங்கள். ஆராத்திக்குக் கற்பூரம் கொளுத்துபவருக்குப் பக்கத்தில் ஒருவர் தட்டு மறைத்து நிற்கவேண்டும். அந்த வேலையை ஒரு மச்சானிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது இடம். வெறும் மணலில் மணவறை போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றின் புல்தரை, அல்லது தென்னை, சவுக்கு நிற்கும் தனியார் காணி பாருங்கள். காரணம் மூன்று. முதலாவது, மணலில் பிளாஸ்ரிக் கதிரைக் கால் புதையும், வயதுபோனவர்கள் பக்கவாட்டில் சரிவார்கள். இரண்டாவது, 100 மீற்றருக்குள் 250 பேரும் ஓடி ஏறக்கூடிய கட்டடம் ஒன்று வேண்டும், இதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது அனுமதி. இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடற்கரை பொதுநிலம். அதில் தற்காலிகப் பந்தல் போடுவதென்றாலும் பிரதேச செயலகம், பிரதேச சபை, கரையோரம் பேணல் திணைக்களம், பொலிஸ் என்று கேட்டுக்கொண்டு போகவேண்டும். நிலாவெளி குச்சவெளிப் பிரதேசத்துக்குள் வருகிறது, உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேசத்துக்குள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதே மாறும். விடுதிக் காணி என்றால் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனாலும் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் இல்லாத ஒரு அனுமதியும் இருக்கிறது. ஆவணி கரைவலைக் காலம். காலையில் மீனவர்கள் இரண்டு அந்தத்திலும் தூரத் தூர நின்று வலைக் கயிறு இழுப்பார்கள். அந்தக் கரைத்துண்டு அவர்கள் வலை போடும் பாடு, அவர்களுடைய சோறு. கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முதல் அந்தப் பாட்டின் சம்மாட்டியை, அதாவது வலைச் சொந்தக்காரரைத் தேடிப்போய், வெற்றிலை வைத்துச் சொல்லுங்கள். "இன்ன நாள், இத்தனை மணிக்குப் படம் எடுக்கக் கரைக்கு வருவோம், உங்களுக்கு எது வசதி?" என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஒரு கலியாணத்தில் அவர்களே கயிற்றைத் தெற்கே தள்ளிப் போட்டு, பிறகு வந்து சாப்பிட்டுவிட்டும் போனார்கள். கேட்காமல் போய்த் தோரணம் கட்டிய இடத்தில் வாக்குவாதம் வந்ததையும் பார்த்திருக்கிறேன், அங்கே பிழை எங்கள் பக்கம்தான்.

மழைக்கு வருவோம். திருகோணமலையின் பெருமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, தையிலும் கொஞ்சம் இழுபடும். புயல் பயமும் அந்த மாதங்களில்தான். 1964 டிசம்பர்ப் புயலை எங்கள் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2020 டிசம்பரில் புரெவி குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. அந்த மாதங்களில் வெளிக் கலியாணம் கேட்டு வருபவர்களுக்கு நான் மண்டபத்தைத்தான் காட்டுவேன். ஆவணி அப்படியல்ல. ஆனால் ஆனியைப் போல முழுவறட்சியும் அல்ல. பகல் சூட்டில் உள்நாட்டுப் பக்கம் முகில் திரண்டு, மேல்காற்றோடு கடலை நோக்கி வந்து, பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குப் பிறகு இடியோடு கொட்டிவிட்டுப் போகும். அரைமணி, முக்கால்மணி. அதனால் உங்கள் காலைச் சடங்குக்கு மழைப் பயம் குறைவு. மழையில் அகப்படக்கூடியது பின்னேர வரவேற்புதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், தாலி கட்டுகிற நேரம் பெரும்பாலும் வெளிச்சமான வானமாகத்தான் இருக்கும்.

மழை பார்க்கக் கடல் பக்கம் பார்க்காதீர்கள். மேற்கே பாருங்கள். மேற்கு கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் உங்களிடம் 15, 20 நிமிடம்தான் இருக்கிறது. மழைக்கு ஏற்பாடு என்று சொல்லித் தறப்பாள் கொண்டுவந்து வைப்பார்கள். தறப்பாள் தண்ணீரைத் தாங்கும், மின்னலைத் தாங்காது. திறந்த கடற்கரையில் இரும்புக் கம்பிப் பந்தலுக்குள் இடிமின்னலோடு ஆட்களை வைத்திருக்கக்கூடாது, சவுக்கு மரத்தடியிலும் கூடாது. அதற்குத்தான் அந்தக் கட்டடம். விடுதியின் சாப்பாட்டு மண்டபமாக இருக்கலாம், பக்கத்துப் பாடசாலை மண்டபமாக இருக்கலாம். அன்றைய பின்னேரம் முழுக்க அது உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். எங்கள் ஆட்கள் எப்போது முடிவெடுப்பது என்றுதான் தடுமாறுவார்கள், ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் ஒருவரை, ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர் "உள்ளே" என்றால் எல்லோரும் உள்ளே. அப்பாவை நியமிக்கவேண்டாம், அவர் அன்றைக்கு ஆயிரம் யோசனையில் இருப்பார். நிதானமான ஒரு சித்தப்பா நல்லது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

வரவேற்பு நேரத்துக்கும் ஒரு திசைக் கணக்கு உண்டு. நிலாவெளியில் சூரியன் கடலில் மறையாது, பின்னால் தென்னைகளுக்குள் விழும். 5.30 க்கே கரையில் நிழல் படர்ந்துவிடும். சூரியன் தண்ணீரில் இறங்குகிற படம்தான் வேண்டுமென்றால் நகரத்தில் உட்துறைமுகப் பக்கம் போகவேண்டும், அங்கே மேற்கே தண்ணீர். ஆனால் நிலாவெளிக்கு வேறொரு கொடுப்பினை இருக்கிறது. முகூர்த்தம் வளர்பிறையில், பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாளுக்கு முதல் என்றால், இருட்டும்போதே கடலுக்கு மேலே நிலவு ஏறி நிற்கும். தண்ணீரில் அதன் வெளிச்சம் கரை வரை நீளும். அப்படியொரு இரவில் நான் எல்லா லைற்றையும் 10 நிமிடம் அணைக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கே இருந்த பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. ஆனால் போயா நாளிலேயே வைக்காதீர்கள். விடுதிகள் நிறைந்துவிடும், இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு. ஓகஸ்ட் விடுமுறைக் கூட்டமும் எங்கள் கரைக்குத்தான் வரும், ஆகவே அறைகளை இப்போதே பதியுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் உத்தரவிட்டது. உங்கள் காலை நேரத்துக்கு இது தடையில்லை, இரவைத்தான் அதற்கேற்ப முடிக்கவேண்டும். இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலற விடுவதை விட ஆறு சின்ன ஸ்பீக்கரைக் கதிரைகளுக்கு நடுவில் வையுங்கள். ஐயரின் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம், இல்லையென்றால் மந்திரத்துக்குப் பதிலாகக் கச்சான்தான் கேட்கும்.

சாப்பாட்டில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பந்தியை வெளியே வைக்காதீர்கள். காற்றில் வாழையிலை சோறு விழுவதற்கு முதலே எழும்பிவிடும், மணல் கறிக்குள் போகும், ஒரு வாய் மணல் கடித்தவர் அந்தக் கலியாணத்தை அப்படித்தான் நினைவில் வைத்திருப்பார். கட்டடத்துக்குள்ளோ, மூன்று பக்கம் கிடுகு அடைத்த கொட்டகைக்குள்ளோ பந்தி. சமையல்காரர் அதிகாலை மூன்று மணிக்கே கிடாரத்தை ஏற்றி ஆறு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு இளைப்பாற நினைப்பார். ஆவணிச் சூட்டில் தேங்காய்ப்பால் விட்ட கறி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் மணம் மாறத் தொடங்கும். முதல் பந்தி 10 மணி என்றால் பால் விடுவது 8.30 க்குப் பிறகு என்று பேசி வையுங்கள். பாயாசமும் அப்படித்தான். தயிர் மட்டும் கிண்ணியா, தம்பலகாமப் பக்கத்து எருமைத் தயிராக, சட்டியோடு காலையில் வந்திறங்கட்டும். அதை நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடி வையுங்கள். மட்டக்களப்புச் சம்பந்திமார் தயிர் தெரிந்தவர்கள், அங்கே குறை வைக்கக்கூடாது. மீனும் இறாலும் இரவு விருந்துக்கு என்றால் ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டிகள் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டரை லீற்றர் குடிதண்ணீர் என்று கணக்குப் போடுங்கள், 250 பேருக்கு 625 லீற்றர். முகூர்த்தம் தொடங்கும்போதே கதிரைக் கதிரையாகக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு பொடியன்களை விடுங்கள். வயதுபோனவர்கள் சபையில் எழும்பிப் போய்த் தண்ணீர் கேட்கமாட்டார்கள், பேசாமல் வாடிப்போவார்கள். மலசலகூடம் ஐந்துக்குக் குறையக்கூடாது. அதில் ஒன்று படி இல்லாமல், கைபிடியோடு, பெரியவர்களுக்கு என்று தனியாக. கை கழுவவும் மலசலகூடத்துக்கும் ஒரு பவுசர் தண்ணீர் தனியாக வரட்டும்.

மின்சாரம்: 20 பெரிய ஸ்டாண்ட் ஃபேன் 4 கிலோவாற், லைற் 5, ஒலி 4 என்று போட்டால் 13 கிலோவாற் வருகிறது. 25 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்று போதும், சின்னது ஒன்று கையிருப்பில். காய்ந்த மணலில் ஏர்த் பிடிக்காது. ஏர்த் கம்பி ஈரமண் வரை இறங்கவேண்டும், ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு வயரும் ஓடக்கூடாது. பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடித் திரிகிற இடம் அது.

அலங்காரத்துக்கு ரோஜாவை நம்பாதீர்கள், காற்றும் உப்பும் பட்டு இரண்டு மணித்தியாலத்தில் கருகும். தென்னங்குருத்துத் தோரணம், இளநீர்க் குலை, செவ்வந்தி, கோழிக்கொண்டை எல்லாம் நின்று பிடிக்கும். வாழைமரத்தை முதல் நாளே நாட்டினால் இரவில் ஒருவர் காவல் இருக்கவேண்டும். நிலாவெளியில் கட்டாக்காலி மாடு. உங்கள் உவர்மலை வீட்டு வாசலிலும் கட்டுவீர்கள்தானே, நகரத்துக்குள் மான்கள். கோட்டைக்குக் கிட்ட ஒரு வீட்டில் பின்னேரம் குலையோடு இரண்டு வாழை நாட்டிவிட்டு வந்தோம். விடிய நாலரைக்குப் போனால் ஒரு பெண்மானும் குட்டியும் வாசலில் நிற்கின்றன, இலை ஒன்றும் மிச்சமில்லை, தோரணத்தின் தொங்கல் குட்டியின் வாயில். வீட்டுக்காரப் பாட்டி "கோணேசர் அனுப்பின முதல் விருந்தாளிகள், விடுங்கோ மோனை" என்றார். நாங்கள் அவசரமாக வேறு இரண்டு வாழை தேடினோம்.

பறக்கும் விளக்கு, பலூன் இரண்டும் வேண்டாம். கரையெல்லாம் மீனவர்களின் கிடுகு வாடிகள், தீப்பிடிக்கும். பலூன் விழுவது கடலில். ட்ரோன் படம் எடுப்பதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியோடு இருப்பவரையே பிடியுங்கள். கடற்படைத் தளமும் சீனக்குடா விமான நிலையமும் இருக்கிற ஊர் இது, இங்கே அது விளையாட்டல்ல. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு தேசியப் பூங்கா, அங்கே சடங்கு, அலங்காரம் என்று யோசிக்கவே வேண்டாம். கலியாணம் முடிந்து கோணேசரைக் கும்பிடப் போவீர்கள் என்றால் பிரெட்ரிக் கோட்டை வாசல் ஒடுக்கமானது, பஸ்களை வெளியே விட்டுவிட்டு இரண்டு வானில் போங்கள்.

பதிவும் அன்றைக்கே என்றால் முன்கூட்டியே பதிவாளரைச் சந்தியுங்கள். அறிவித்தல் கொடுத்து 12 நாட்கள் கழிய வேண்டும், அவருடைய அலுவலகத்துக்கு வெளியே நடத்தத் தனி அனுமதியும் வேண்டும். நீங்கள் கொழும்பிலும் மாப்பிள்ளை மட்டக்களப்பிலும் இருப்பதால் அறிவித்தலை எங்கே கொடுப்பது என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வருடமே செய்யவேண்டும். வரும் ஆவணியில் ஒரு சனிக்கிழமை நீங்கள் நினைத்திருக்கும் காணிக்குக் காலை 8 மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கதிரை, ஒரு குத்துவிளக்கு, இரண்டு முழத் துணி கொண்டுபோங்கள். மணவறை வரும் இடத்தில் கிழக்கு பார்த்து 9.20 வரை இருங்கள். வெயில் முகத்தில் எங்கே படுகிறது, விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, துணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே நாள் பின்னேரமும் நாலரையிலிருந்து ஏழு மணி வரை நில்லுங்கள். அம்மாவை ஒன்றும் கேட்கவேண்டாம், அவர் வெயில் ஏறத் தானாக எந்த நிழலுக்குப் போய் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வாருங்கள். பந்தல்காரர் அளவெடுக்க வரும்போது பெரியவர்களுடைய கதிரைகளை அங்கேயிருந்து தொடங்கச் சொல்லுங்கள், மணவறையை அதற்குப் பிறகு அளக்கலாம்.